நீலகிரியிலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல்: ஆன்லைன் விற்பனையாளருக்கான விதிகளும் கட்டணங்களும்

மேசை மேல் மூன்று பொருட்களை வைத்துக்கொள்ளுங்கள்: 50 மில்லி நீலகிரித் தைலம், கால் கிலோ ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையாக உருட்டித் தயாரிப்பது), தோடர் பூவேலை செய்த ஒரு சால்வை. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் அரை மணி நேரத்தில் மூன்றையும் வாங்கிவிடலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மூன்றுக்கும் வழி வேறு. சால்வை அஞ்சலிலேயே போகும். தேயிலை இங்கே எளிதாகப் புறப்பட்டு அங்கே போய் நிற்கலாம். தைலத்தை அஞ்சலில் போடவே கூடாது. அதனால் "எந்த கூரியர் மலிவு" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். பொருள் எது, எந்த நாட்டுக்கு, அங்கே வரியைக் கட்டப்போவது யார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு கட்டணத்தைப் பார்த்தால் போதும்.

பொருள்தான் வழியைத் தீர்மானிக்கிறது

தைலத்திலிருந்து தொடங்குவோம். அதிகம் அடிபடுவது அதுதான். நீலகிரித் தைலத்தின் தீப்பற்றும் வெப்பநிலை ஏறக்குறைய 48, 49 டிகிரி செல்சியஸ். 60 டிகிரியும் அதற்குக் கீழும் உள்ள திரவங்களை விமானச் சரக்கு விதிகள் மூன்றாம் வகை அபாயப் பொருளாக, அதாவது எளிதில் தீப்பற்றும் திரவமாக வைத்திருக்கின்றன. சர்வதேச அஞ்சலில் இதற்கு இடமில்லை. பாட்டில் சிறியது, மூடி இறுக்கமானது என்று சொல்லிப் பயனில்லை. "ஹெர்பல் ஆயில்" என்று எழுதி அனுப்பினால் ஸ்கேனிலோ வாசனையிலோ பிடிபடும். பார்சல் பறிமுதலாவதோடு அனுப்பியவர் பேரும் குறிக்கப்படும். விமானத்தில் போகும் பொருள் இது, இங்கே பொய் சொல்வது பிறர் உயிரோடு விளையாடுவது.

முறையான வழி இருக்கிறது. தைலம் வடிப்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள், எஸ்.டி.எஸ். என்றால் தெரியும். அதில் 9-ஆம் பகுதியில் தீப்பற்றும் வெப்பநிலையும், 14-ஆம் பகுதியில் போக்குவரத்து வகையும் இருக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் எந்த வாசனைத் தைலத்தையும் பட்டியலில் ஏற்ற வேண்டாம். மூன்றாம் வகை என்று இருந்தால், அபாயப் பொருள் ஏற்கும் கூரியருடன் தனி ஒப்பந்தம், அங்கீகரித்த பேக்கிங், தனி அறிவிப்புத் தாள், தனிக் கூடுதல் கட்டணம் எல்லாம் சேரும். 50 மில்லி பாட்டிலைத் தனித்தனியாக அனுப்பினால் அந்தச் செலவு தாங்காது. தைலத்தை நம்பி வெளிநாட்டுக் கடை திறப்பவர்கள் சில்லறையை விட்டு மொத்த ஆர்டராக எடுப்பதே சரி.

தேயிலை பதப்படுத்திய பொருள் என்பதால் செடி நோய்ச் சிக்கல் குறைவு. ஆனால் அது உணவு. அமெரிக்காவுக்கு அனுப்ப இரண்டு தனித்தனி வேலை உண்டு. முதலாவது, தயாரிக்கும் அல்லது பேக் செய்யும் இடத்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.-வில் பதிவு செய்வது. இந்தப் பதிவுக்கு எஃப்.டி.ஏ. பணம் வாங்குவதில்லை. ஆனால் அமெரிக்காவில் முகவரி உள்ள ஒரு ஏஜென்ட்டைக் காட்ட வேண்டும், அந்தச் சேவைக்குக் காசு உண்டு. இரட்டைப்படை ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு செல்லாது. இரண்டாவது, ஒவ்வொரு பார்சலுக்கும் முன்னறிவிப்பு. அஞ்சலில் அனுப்பினால் பார்சலைக் கொடுப்பதற்கு முன்பே அதை ஆன்லைனில் பதிந்து, கிடைக்கும் உறுதி எண்ணைச் சுங்கத் தாளில் எழுத வேண்டும். வீட்டில் செய்த தின்பண்டத்தை ஒருவர் உறவினருக்குப் பரிசாக அனுப்பினால் இது தேவையில்லை. விற்பனைக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்: இடத்தைப் பதிவு செய்துவிட்டு முன்னறிவிப்பை விட்டுவிடுவார்கள், பார்சல் அங்கே துறைமுகத்தில் நின்றுவிடும்.

சாக்லேட்டுக்கும் இதே உணவு விதி. கூடவே வெப்பம் என்ற வில்லன். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பாளையத்தில் மதிய வெயிலில் நிற்கும் வேனுக்குள் அதைவிடக் கூடுதல் சூடு இருக்கும். உருகி மறுபடி உறைந்த சாக்லேட் மேல் வெள்ளைப் படலம் பூத்திருக்கும். கெட்டதல்ல, ஆனால் வாங்கியவர் பூஞ்சை என்று நினைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்பார். கோடையில் வெளிநாட்டுச் சாக்லேட் பட்டியலை மூடி வைப்பதே நல்லது. மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கியை எந்த மாதத்திலும் அனுப்ப வேண்டாம், போய்ச் சேருவது தூள்தான்.

மலைப்பூண்டு, விதை, கிழங்கு, செடி, காய்ந்த பூ ஆகியவற்றுக்கு, பெறும் நாடு அனுமதித்தால், தாவர நலச் சான்றிதழ் தேவை. பூண்டு ஸ்பைசஸ் போர்டு பட்டியலில் இருப்பதால் அங்கே ஏற்றுமதியாளர் பதிவும் வேண்டும். சில்லறை ஆன்லைன் விற்பனைக்கு இவை ஒத்துவராது. தேனும் அப்படியே. விலங்குவழிப் பொருள் என்பதால் நாட்டுக்கு நாடு விதி கடுமை, தொடக்கத்தில் தொட வேண்டாம்.

கைவினைப் பொருளுக்கு வருவோம். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றவரிடமிருந்து பொருள் வர வேண்டும். மெஷினில் அடித்த சிவப்புக் கறுப்புக் கோலத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது சட்டப்படியும் தப்பு, தோடர்கள் போர்த்தும் புத்துக்குளி ஒன்றுக்கு வாரக்கணக்கில் இழை எண்ணித் தைக்கும் பெண்களுக்கும் செய்யும் அநியாயம். அமெரிக்காவுக்குப் போகும் துணியில் நூல் வகையும் அதன் சதவீதமும், தயாரான நாடும் துணியோடு உறுதியாக இணைத்த லேபிளில் இருக்க வேண்டும். பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது.

ஒரு முறை செய்யும் பதிவுகள்

வரிசை முக்கியம், ஒன்றின் எண் அடுத்ததற்குத் தேவைப்படும்.

1. தொழிலின் பேரில் நடப்புக் கணக்கு, பான், ஜி.எஸ்.டி. பதிவு. ஏற்றுமதி என்பது மாநிலத்துக்கு வெளியே செய்யும் விற்பனையாகவே கணக்காகும். எட்ஸி, அமேசான் போன்ற ஆன்லைன் சந்தை வழியாக விற்பவர் "என் வரவு வரம்புக்குக் கீழ்" என்று சொல்லி ஜி.எஸ்.டி. பதிவைத் தவிர்க்க முடியாது.

2. ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதி எண். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.-யின் தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம், எண் உங்கள் பான் எண்ணேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிவதற்குள் விவரத்தில் மாற்றமே இல்லாவிட்டாலும் தளத்தில் நுழைந்து உறுதி செய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கும், ஜூலையில் போட்ட பார்சல் சுங்கத்தில் நிற்கும்.

3. ஏ.டி. கோடு. அந்நியச் செலாவணியைக் கையாள அனுமதி பெற்ற வங்கிக் கிளையைக் குறிக்கும் 14 இலக்க எண், வங்கியே தரும். சிறு கிளைகளில் இதைக் கேட்டால் விழிப்பார்கள், அந்நியச் செலாவணி பார்க்கும் கிளை எது என்று விசாரித்து அதன் கடிதத்தை வாங்குங்கள். வாங்கினால் மட்டும் முடியாது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில், பார்சல் எந்த விமான நிலையத்தில் சுங்கம் தாண்டுகிறதோ அந்த இடத்துக்குப் பதிய வேண்டும். கோவை பக்கம் என்பதால் கோவைக்கோ சென்னைக்கோ பதிந்துவிட்டு, கூரியர் பெங்களூரிலோ டெல்லியிலோ சுங்கம் தாண்டவைத்தால் பார்சல் அங்கேயே கிடக்கும். கூரியரிடம் முதலில் "எங்கள் பின்கோடு பார்சல் எந்தச் சுங்க நிலையத்தில் கிளியர் ஆகிறது" என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு பதியுங்கள்.

4. எல்.யு.டி. உறுதிக் கடிதம். ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எஃப்.டி. 11 படிவம். இது இருந்தால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலத்துக்கு வெளியே விற்பதற்கான ஜி.எஸ்.டி.) கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். மார்ச் 31-உடன் முடியும், ஏப்ரலில் முதல் பில்லுக்கு முன் புதிதாகப் போட வேண்டும்.

5. உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் மத்திய உரிமம். உள்ளூர்க் கடைக்கு எடுத்த சாதாரணப் பதிவு ஏற்றுமதிக்குச் செல்லாது. தேயிலை என்றால் தேயிலை வாரியத்தின் ஏற்றுமதியாளர் உரிமமும் சேர்த்து. அதன் அலுவலகம் குன்னூரிலேயே இருப்பது மலைக்காரர்களுக்கு வசதி.

அஞ்சலா, கூரியரா

அஞ்சல் துறையில் ஏற்றுமதிக்கென டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற மையங்கள் இயங்குகின்றன. அவற்றின் தளத்தில் ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண்களோடு பதிந்து, வீட்டிலிருந்தே அஞ்சல் ஏற்றுமதி பில் போட்டு, அச்செடுத்துப் பார்சலோடு கொடுக்கலாம். 2022-இல் வந்த விதிப்படி சுங்க வேலை மின்னணு முறையில் நடக்கிறது, நீங்கள் சென்னை அலைய வேண்டாம். உங்களுக்கு அருகில் எந்த அலுவலகம் இதைச் செய்கிறது என்று ஊட்டி அல்லது குன்னூர் தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். கவுன்ட்டரில் வெறும் வெளிநாட்டுப் பார்சல் என்று கொடுத்துவிட்டு வந்தால் அது ஏற்றுமதியாகப் பதிவாகாது, பிறகு ஜி.எஸ்.டி. கணக்கில் காட்ட எண் இருக்காது.

கூரியரில் இரண்டு வகைச் சுங்க பில். சி.எஸ்.பி. 4 என்பது பரிசு, மாதிரிப் பொருளுக்கு. சி.எஸ்.பி. 5 என்பது விற்பனைக்கு. விற்ற பொருளைப் பரிசு வகையில் அனுப்பச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு, "சார், ஏ.டி. கோடெல்லாம் எதுக்கு, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அந்த வழியில் போன பார்சலுக்கு ஏற்றுமதிச் சான்று கிடையாது. வங்கியில் டாலர் வந்து இறங்கும்போது அதற்குரிய பில் எது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அந்த ஏஜென்ட்டும் அப்போது போனை எடுக்க மாட்டார்.

எதைத் தேர்வது? இரண்டு கிலோவுக்கு உட்பட்ட, உடையாத, அவசரமில்லாத பொருளுக்கு அஞ்சல். விலை கூடிய சால்வை, கெடு நாள் உள்ள ஆர்டர், முகவரிச் சிக்கல் உள்ள நாடு என்றால் கூரியர். கூரியர் விலைப்பட்டியலில் தெரியும் தொகை இறுதித் தொகை அல்ல. எரிபொருள் கூடுதல், 18 சதவீத ஜி.எஸ்.டி., முகவரி திருத்தக் கட்டணம், வரியை முன்கூட்டிக் கட்டித் தருவதற்கான கட்டணம் எல்லாம் மேலே ஏறும். மலைக்கென்று இன்னொன்று: தொலைவுப் பகுதிக் கூடுதல். ஊட்டி 643001, குன்னூர் 643101, கோத்தகிரி 643217 என்று பின்கோடை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கேளுங்கள், ஒரே கம்பெனி ஒன்றுக்கு வசூலித்து இன்னொன்றுக்கு விட்டுவிடக்கூடும். வாரத்தில் ஐந்தாறு பார்சல் சேர்ந்தால், சேர்த்துக் கட்டி ஒரே நடையாகக் கோவைக்கு இறக்கிக் கொடுப்பது பல சமயம் மலிவாக முடியும்.

எடை: காசு ஓடும் ஓட்டை

கூரியர் இரண்டு எடையைப் பார்க்கும். ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று கன அளவு எடை: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது. இரண்டில் எது கூடுதலோ அதற்குக் காசு, அதுவும் அரை கிலோவுக்கு மேல்நோக்கி முழுமையாக்கி.

ஆர்த்தடாக்ஸ் இலை பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும். கால் கிலோ பை நான்கு, மொத்தம் ஒரு கிலோ. கையில் கிடைத்த 30 × 22 × 16 பெட்டியில் போட்டால் 10,560-ஐ 5000-ஆல் வகுக்க 2.11 வரும், பில் 2.5 கிலோவுக்கு. அதே பைகளைத் தட்டையாக அமுக்கி 25 × 18 × 12 பெட்டியில் வைத்தால் 1.08தான். அட்டையோடு தராசு 1.2 காட்டும், பில் 1.5 கிலோவுக்கு. பெட்டியை மாற்றியதில் ஒரு கிலோ கட்டணம் மிச்சம். சி.டி.சி. எனும் குருணைத் தேயிலைத் தூள் கனம், அதில் இந்தச் சிக்கல் அவ்வளவு வராது. அளக்கும்போது பெட்டியின் வெளிப்புறத்தை, நடுவே உப்பியிருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். கூரியரின் கருவி அந்த உப்பலைத்தான் எடுக்கும். ஒரு சென்டிமீட்டர் உப்பலே அடுத்த அரை கிலோவுக்குத் தள்ளிவிடும்.

தாளில் எழுதுவது

பார்சல் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் தாள்தான் என்பது எங்கள் கணிப்பு. விவரம் எழுதும் வரியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

"டீ" என்று எழுதினால் போதாது. "கிஃப்ட் ஐட்டம்", "ஹேண்டிகிராஃப்ட்" என்பவை ஐரோப்பாவில் மின்னணுத் தரவிலேயே நிராகரிக்கப்படும். அங்கே பார்சல் விமானம் ஏறும் முன்பே விவரமும், பொருளின் வகையைக் குறிக்கும் ஆறு இலக்க ஹெச்.எஸ். எண்ணும் போய்ச் சேர வேண்டும். சரியான வரி இப்படி இருக்கும்: கறுப்புத் தேயிலை, சில்லறைப் பை, 4 × 250 கிராம், தயாரிப்பு இந்தியா, ஹெச்.எஸ். 0902.30. மூன்று கிலோவுக்கு உட்பட்ட பேக்கில் உள்ள கறுப்புத் தேயிலைக்குத்தான் இந்த எண். அதே அளவில் பச்சைத் தேயிலைக்கு 0902.10. பருத்திச் சால்வை 6214.90, கம்பளிச் சால்வை 6214.20, இங்கே நூல் மாறினால் எண்ணும் மாறும், அங்கே வரியும் மாறும். மெழுகுவத்தி 3406, சாக்லேட் 1806, சோப்பு 3401. இந்தியப் பில்லுக்கு எட்டு இலக்கம் வேண்டும், முதல் ஆறு எல்லா நாட்டுக்கும் பொது.

இன்வாய்ஸில் இருக்க வேண்டியவை: உங்கள் பேர், முகவரி, ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண், எல்.யு.டி. எண்ணோடு "ஐ.ஜி.எஸ்.டி. செலுத்தாமல் ஏற்றுமதி" என்ற வரி, சந்தையின் ஆர்டர் எண், பொருள், அளவு, ஒரு பொருளின் விலை, நாணயம், நிகர எடை, மொத்த எடை. பொருள் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். அமெரிக்கா பொருள் விலை மேல் மட்டும் சுங்கவரி கணக்கிடுகிறது, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சரக்குக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. சேர்த்து ஒரே தொகையாக எழுதினால் அமெரிக்க வாடிக்கையாளர் தேவையில்லாமல் கூடுதல் வரி கட்டுவார்.

விலையைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குபவரே கேட்பார். செய்யாதீர்கள். சந்தைத் தளத்தில் 100 டாலர் என்று எல்லோர் கண்ணிலும் தெரிகிறது, தாளில் 20 என்று இருந்தால் பொய் என்பது தெரிந்துவிடும். பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் அந்த 20-க்குத்தான்.

அஞ்சல் சுங்கத் தாளில் "ஒப்படைக்க முடியாவிட்டால்" என்று ஒரு கட்டம் உண்டு, பலர் காலியாக விடுவார்கள். திருப்பி அனுப்பு என்றோ, கைவிட்டதாகக் கொள் என்றோ குறியுங்கள். மலிவுப் பொருளுக்குக் கைவிடுவதே லாபம்.

அந்தப் பக்கத்து வரி

அமெரிக்கா: 800 டாலர் வரை வரியில்லை என்ற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. பழைய வீடியோக்களில் இன்னும் அந்த 800 ஓடிக்கொண்டிருக்கிறது, நம்ப வேண்டாம். இந்திய அஞ்சல் துறையும் சில வாரங்கள் சேவையை நிறுத்தி, 2025 அக்டோபர் 15-இல் மறுபடி தொடங்கியபோது வரியை இங்கேயே, புக் செய்யும்போதே வாங்கும் முறை வந்தது. அப்போது அது, தாளில் காட்டிய பொருள் விலையில் 50 சதவீதம். இந்த விகிதம் அரசியலோடு மாறுவது, ஆகவே பார்சல் போடும் அன்றைய விகிதத்தைக் கவுன்ட்டரில் கேட்டுவிட்டே பட்டியல் விலையை வையுங்கள்.

பிரிட்டன்: 135 பவுண்டு வரையுள்ள பார்சலுக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியைச் சந்தையே வாங்குபவரிடம் வசூலித்துவிடும், 2021 ஜனவரி 1 முதல் இப்படி. பொதுவாக 20 சதவீதம். தேயிலைக்கு அங்கே வாட் பூஜ்யம், சாக்லேட்டுக்கு முழு வரி. இந்த வித்தியாசம் தெரியாமல் தேயிலைக்கும் இருபது சதவீதம் ஏற்றி விலை போடுபவர்கள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம்: 2021 ஜூலை 1 முதல் ஒரு யூரோ பார்சலுக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரை சந்தை தன் ஐ.ஓ.எஸ்.எஸ். எண்ணில், அதாவது இறக்குமதி வாட் பதிவு எண்ணில், வசூலிக்கும். அந்த எண்ணை ஆர்டர் பக்கத்திலிருந்து எடுத்து, அஞ்சல் அல்லது கூரியரின் மின்னணுப் படிவத்தில் அதற்கான கட்டத்தில் போட வேண்டும். விட்டால் வாசலில் மறுபடி வாட் கேட்பார்கள், வாங்கியவர் இரண்டு முறை கட்டுவார் அல்லது பார்சலை மறுப்பார். 2026 ஜூலை 1 முதல் 150 யூரோவுக்குக் கீழும் பொருள் வகை ஒன்றுக்கு 3 யூரோ சுங்கவரி என்று ஒன்றியம் முடிவெடுத்திருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

வரியைவிடப் பெரிய தடை ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. 2024 டிசம்பர் 13 முதல் உணவல்லாத நுகர்பொருள் எதுவானாலும், ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள பொறுப்பாளர் ஒருவரின் பேர் பொருளிலோ பேக்கிங்கிலோ, விற்பனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும். சால்வைக்கும் மெழுகுவத்திக்கும் இது பொருந்தும். சோப்பு, தைலக் க்ரீம் போன்ற அழகுப் பொருட்களுக்கு அதற்கும் மேலே தனிப் பதிவு. ஜெர்மனிக்கு அனுப்பினால் அட்டைப் பெட்டிக்கே பேக்கிங் பதிவு எண் கேட்பார்கள். மாதம் இரண்டு மூன்று ஆர்டர் வரும் கடைக்கு இந்தச் செலவு கட்டாது. அனுப்பும் நாடுகள் பட்டியலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துவிட்டு, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா என்று தொடங்குவதையே பரிந்துரைப்போம். நம் ருசியும் நம் பொருளும் தெரிந்த வாடிக்கையாளர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் டாலர் வரையுள்ள பார்சலுக்கு 9 சதவீத ஜி.எஸ்.டி., மலேசியாவில் 500 ரிங்கிட் வரை 10 சதவீத விற்பனை வரி, ஆஸ்திரேலியாவில் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரை 10 சதவீதம். பெரிய சந்தைகள் இவற்றைத் தாமே பிடித்துக் கட்டிவிடும். கனடாவில் சலுகை வரம்பு வெறும் 20 கனடிய டாலர், அதைத் தாண்டினால் வாங்குபவர் வரியோடு கையாளும் கட்டணமும் கட்டுவார். இதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வாசலில் வரி கேட்டால்தான் மறுப்பு வருகிறது, முன்பே தெரிந்தால் பெரும்பாலோர் கட்டிவிடுகிறார்கள்.

விலை போடுவது

எட்ஸியில் ஒரு பட்டியலுக்கு 0.20 டாலர், நான்கு மாதம் நிற்கும். விற்றால் 6.5 சதவீதம். இதில் பலர் கவனிக்காதது, அந்த 6.5 அனுப்பும் கட்டணத்தின் மேலும் விழும். 100 டாலர் சால்வை, 30 டாலர் அனுப்பும் கட்டணம் என்றால் 130-க்கு 8.45 டாலர் போகும். எட்ஸி வெளியே போட்ட விளம்பரம் வழியாக வந்த ஆர்டர் என்றால் சிறு கடைகளுக்கு இன்னும் 15 சதவீதம், 19.50 டாலர். பட்டியல் 0.20-ஐயும் சேர்த்து ஆக 28.15 போயிற்று, பேமெண்ட் கட்டணம் அதற்கு மேல். டாலரில் பட்டியல் போட்டு ரூபாய்க் கணக்கில் வாங்கினால் நாணயம் மாற்ற 2.5 சதவீதம்.

அதனால் கூரியருக்கு 30 டாலர் கொடுக்க வேண்டுமானால் வாங்குபவரிடம் 30 வாங்கக் கூடாது. 30-ஐ 0.935-ஆல் வகுங்கள், 32.09 வரும். அதுதான் கையைக் கடிக்காத தொகை. அமெரிக்க அமேசானில் தொழில்முறைக் கணக்குக்கு மாதம் 39.99 டாலர், பல வகைகளுக்கு 15 சதவீதம். உணவுப் பொருளில் 15 டாலர் வரை 8 சதவீதம் என்பதால் சிறு தேயிலைப் பைக்கு அது பரவாயில்லை.

அமெரிக்க வரியை நீங்களே முன்கட்டி அனுப்பும்போது கணக்கு இன்னும் நீளும். வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 100 டாலர் பொருளுக்கு 20. அதைப் பட்டியல் விலையில் ஏற்றினால் சந்தைக் கட்டணமும் அதன் மேல் ஏறும், அறிவிக்கும் விலையும் ஏறி வரியும் மறுபடி ஏறும். ஒரு சுற்றில் கணக்கை நிறுத்திவிடாமல், ஏறிய விலையில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

கட்டுவது

நீலகிரி பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம், காகித நிரப்பியும் நெளி அட்டையும் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் காரட், பழம் வந்த பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தாதீர்கள், வைக்கோலோ காய்ந்த புல்லோ அடைக்காதீர்கள். ஆஸ்திரேலியச் சோதனையில் ஒரு மண் கட்டி, ஒரு விதை கிடைத்தாலே முழுப் பார்சலும் நிற்கும். பெரிய மரப்பெட்டிக்கு வெப்பச் சிகிச்சை முத்திரை வேண்டும், பிளைவுட்டுக்கு வேண்டாம்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர். இங்கே காற்றோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் டப்பா மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தில் உள்ளே நசுங்கும், மூடியின் சீல் ஒரு பக்கம் எழும்பும். விமானத்தில் மறுபடி விரியும். இந்த ஒரு மூச்சு போதும் டீ வாசனை போக. பையிலிருந்து காற்றை அமுக்கி வெளியேற்றி, அலுமினியப் படலம் வைத்த பையில் இரண்டு வரி சீல் போடுங்கள். மழை மாதங்களில் மூடுபனி உள்ளே நுழையும் அறையில் பேக் செய்ய வேண்டாம், இலை நிமிடங்களில் ஈரம் இழுக்கும். சாக்லேட்டைக் குளிர் பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்து பேக் செய்தால் மேலே நீர் பனித்துச் சர்க்கரை வெளுத்துவிடும், மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலைப்பாதையில் மண் சரிந்தால் ஒரு நாள், இரண்டு நாள் வண்டி இறங்காது. வெளிநாட்டுப் பண்டிகை ஆர்டர்கள் குவிவதும் அதே மாதங்கள். தளத்தில் அனுப்பும் அவகாசத்தை அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் ஐந்து நாளாக மாற்றி வையுங்கள். தாமத ஆர்டர்கள் கடையின் மதிப்பெண்ணைக் குறைத்தால் மீட்க மாதங்கள் ஆகும்.

அனுப்பிய பிறகு

சுங்கத்தில் நின்றால் கண்காணிப்புப் பக்கத்தில் காரணம் ஒரே வரியில் இருக்கும். ஆவணம் கேட்டால் அன்றே கொடுங்கள், நாள் கடந்தால் வைப்புக் கட்டணம் ஓடும். வாங்கியவர் மறுத்துப் பார்சல் திரும்பி வந்தால், போனபோது போட்ட ஏற்றுமதி பில்லின் நகல் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் சொந்தச் சால்வைக்கே இறக்குமதி வரி கேட்பார்கள்.

மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்தில் 6ஏ அட்டவணையில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஏற்றுமதி பில் எண், தேதி, துறைமுகக் கோடு ஏற்றுங்கள். பேக்கிங், கூரியர் மேல் கட்டிய ஜி.எஸ்.டி.-யை இந்தப் பதிவை வைத்துத்தான் திரும்பக் கேட்க முடியும். பணம் வந்து சேர ரிசர்வ் வங்கி முன்பு ஒன்பது மாதம் தந்திருந்தது, 2025 நவம்பரில் அது 15 மாதமானது. சந்தை கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும் என்பதால், பில்லில் 130 டாலரும் வங்கியில் நூறு சொச்சமும் இருக்கும். அந்த இடைவெளிக்குச் சந்தையின் மாதக் கட்டண அறிக்கைதான் சாட்சி. அதை மாதாமாதம் இறக்கி, அந்த மாதப் பில்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள பில்களை உங்கள் சுய அறிவிப்பின் பேரிலேயே வங்கி முடித்துக் கொடுக்கலாம், ஆனால் காலாண்டுக்கு ஒரு முறை நீங்கள்தான் பட்டியலோடு போய்க் கேட்க வேண்டும்.